கோபுரத்தில் நாற்பது டன் கல்

சரக்கில்லாத மரக்கலம் காற்றைத் தாங்காது. அதன் அடித்தட்டில் கல்லையோ மணலையோ நிரப்பி எடை கொடுத்தால்தான் சாயாமல் போகும். கடலோடிகள் எல்லாருக்கும் தெரிந்த இந்தக் கணக்கை ஒரு கோயில் கோபுரத்துக்குப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், செயின்ட் மேரி விரிகுடாவின் கரையில் சான்த் மரி என்ற கத்தோலிக்கக் கோயில் நிற்கிறது. முழுக்க முழுக்க மரம். அதன் கூர்ங்கோபுரம் தரையிலிருந்து சுமார் 185 அடி. விரிகுடாக் காற்று அந்த உயரத்தை ஆட்டிச் சாய்த்துவிடாமல் இருக்க, கோபுரத்துக்குள் 40 டன் கல்லை ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்த யோசனை கோயில் கட்டுகிறவனுக்கு வரக்கூடியதல்ல; கப்பல் கட்டுகிறவனுக்கு வரக்கூடியது. உண்மையில் அதைக் கட்டியவர்களில் பலர் கப்பல் தச்சு தெரிந்த ஊரார்தான்.

ஊரின் பெயர் ஆங்கிலத்தில் சர்ச் பாயிண்ட், பிரெஞ்சில் புவான்த் த லெக்லீஸ். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: கோயில்முனை. இந்தக் கட்டுரையில் கோயில்முனை என்றே சொல்கிறேன். வட அமெரிக்காவின் மிகப் பெரிய மரக் கோயில் என்று சுற்றுலாக் கையேடுகள் இதைச் சொல்லும். பெரியது என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. இரண்டு முறை கோயிலை இழந்த ஒரு மக்கள்கூட்டம் மூன்றாவது முறையாக அதை எப்படி எழுப்பியது, கட்டியவர்களுக்கும் அந்தக் கோயிலுக்கும் இடையில் பத்திரத்தில் என்ன உறவு இருந்தது என்ற கேள்விதான் என்னை இழுத்தது. இந்தக் கோயில் விற்பனைக்கு வந்தபின் அந்தக் கேள்விக்குச் சூடும் கூடியது.

அகாடியர் என்று அழைக்கப்படும் இம்மக்கள் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். 1605இல் போர் ரோயால் குடியிருப்பு உருவானது. அங்கே 1610 ஜூன் 24 அன்று மிக்மாக் பழங்குடித் தலைவர் மெம்பெர்த்து தம் குடும்பத்தாரோடு ஞானஸ்நானம் பெற்றார். கத்தோலிக்கச் சமயம் இம்மண்ணில் வேர்பிடித்த கதை அங்கிருந்து தொடங்குகிறது. ஆனால் அகாடியரை அகாடியராக்கியது சமயம் மட்டுமல்ல, சேறும்தான். உலகிலேயே மிக உயர்ந்த ஓதம் ஏறியிறங்கும் ஃபண்டி விரிகுடாவின் சதுப்புகளில் அவர்கள் மண்கரை எழுப்பினார்கள். கரைக்கடியில் மரத்தாலான மதகு ஒன்றைப் புதைத்தார்கள். அதன் தொங்குகதவு ஓதம் வற்றும்போது உள்நீரை வெளியே விடும், ஓதம் ஏறும்போது தானாக மூடிக்கொண்டு உப்பு நீரைத் தடுக்கும். அபுவாத்தோ என்பது அதன் பெயர். இரண்டு மூன்று ஆண்டு மழையும் பனியும் உப்பைக் கழுவியபின் அந்தச் சேற்று நிலத்தில் கோதுமை விளைந்தது. ஒரு குடும்பத்தால் ஆகிற வேலையல்ல இது. ஒரு கரை உடைந்தால் எல்லாருடைய நிலத்திலும் உப்பேறும் என்பதால் ஊரே கூடித்தான் வெட்டியாக வேண்டும், ஊரே கூடித்தான் காக்க வேண்டும். பின்னாளில் கோயில் கட்ட ஊர் திரண்ட பழக்கத்தின் மூலம் அந்தச் சேற்றில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1713இல் உட்ரெக்ட் உடன்படிக்கை அகாடியாவைப் பிரிட்டனிடம் கொடுத்தது. மக்கள் அங்கேயே இருந்தார்கள். பிரெஞ்சு பேசினார்கள், பூசை கண்டார்கள், வேளாண்மை செய்தார்கள். பிரிட்டிஷ் மன்னருக்குக் கீழ்ப்படிவோம், ஆனால் பிரான்சுக்கு எதிராக ஆயுதம் எடுக்கமாட்டோம் என்றார்கள். நடுநிலைப் பிரெஞ்சுக்காரர் என்ற பட்டப்பெயரும் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. இந்த நிலை நாற்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. பெரும்போர் ஒன்று நெருங்கியபோது, ஆளுநர் பொறுப்பிலிருந்த சார்லஸ் லாரன்சும் ஹாலிஃபாக்ஸ் மன்றமும் நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் கேட்டார்கள். அது கிடைக்காமல் போகவே, 1755 ஜூலை 28 அன்று எல்லாரையும் நாடுகடத்தும் முடிவு எடுக்கப்பட்டது.

அந்த முடிவை நிறைவேற்றக் கிரான் ப்ரே என்ற ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் கோயில். லெப்டினன்ட் கர்னல் ஜான் வின்ஸ்லோ ஆகஸ்ட் மாதம் அங்கே வந்திறங்கி, சேன் சார்ல் த மீன் பங்குக் கோயிலைத் தம் தங்குமிடமாக்கிக்கொண்டார். படை நுழையும் முன், வழிபாட்டுப் பொருள்களை எடுத்துப் போய்விடும்படி ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னார். கருணையா, கணக்கா? அவர் நாட்குறிப்பைப் படிக்கிறவருக்கு இரண்டும் தெரியும். செப்டம்பர் 5 பிற்பகல் மூன்று மணிக்கு ஆண்களையும் பத்து வயதைத் தாண்டிய சிறுவர்களையும் கோயிலுக்கு வரச் சொன்னார்கள். 418 பேர் வந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. நிலமும் வீடும் கால்நடையும் அரசுடைமை, நீங்கள் இந்த மாகாணத்தை விட்டு அகற்றப்படுகிறீர்கள் என்ற ஆணை மொழிபெயர்ப்பாளர் வழியாக வாசிக்கப்பட்டது. தங்கள் கையால் கட்டிய கோயிலே அவர்களுக்குச் சிறையானது.

அந்த ஆண்டு இறுதிக்குள், கிரான் ப்ரே அடங்கிய மினாஸ் பகுதியின் ஊர்களில் எரித்த கட்டடங்களை வின்ஸ்லோ கணக்கெடுத்து வைத்தார்: வீடு 255, களஞ்சியம் 276, கொட்டில்கள் 155, ஆலை 11, பூசை வீடு 1. ஆக மொத்தம் 698. கத்தோலிக்கக் கோயிலைக் கோயில் என்று எழுத மனம் வராத புராட்டஸ்டண்ட் படைத்தலைவர்கள் வழங்கிய சொல் அந்தப் 'பூசை வீடு'. பட்டியலில் ஆலைக்கும் கூட்டுத்தொகைக்கும் நடுவில் ஓர் எண்ணாக அது நிற்கிறது. போர் முடிந்த 1763க்குள் சுமார் பத்தாயிரம் பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள். பாஸ்டன், மேரிலாந்து, கரோலினா என்று கப்பல் கப்பலாகச் சிதறினார்கள். இங்கிலாந்திலும் பிரான்சிலும் முகாம்களில் கிடந்தவர்களும் உண்டு. கப்பல் மூழ்கிச் செத்தவர்களும், நோயில் செத்தவர்களும் ஆயிரக்கணக்கில். தமிழ் வாசகருக்கு இந்தப் போர் அந்நியமானதல்ல. இதே ஏழாண்டுப் போரில்தான் 1760இல் பிரெஞ்சுப் படை வந்தவாசியில் தோற்றது. அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. 1763 பாரிஸ் உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரான்சிடம் திருப்பிக் கொடுத்தது. கனடாவைக் கொடுக்கவில்லை.

துரத்தப்பட்டவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள்? கிரான் ப்ரே கோயிலின் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை 1707 முதல் 1748 வரை குருக்கள் எழுதிவைத்த ஏடுகள் அவை. நாடுகடத்தப்பட்டவர்களோடு சுற்றியலைந்து, கடைசியில் லூசியானாவில் மிசிசிப்பிக் கரையிலுள்ள சேன் காப்ரியேல் கோயிலுக்கு வந்துசேர்ந்தன. இன்று பேட்டன் ரூஜ் மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வீட்டுப் பட்டாவைக் கொண்டுபோய்ப் பயனில்லை, நிலம் போய்விட்டது. யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரை மணந்தார் என்பது போய்விடக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். உறவுமுறை தெரியாமல் அடுத்த தலைமுறைக்குக் கல்யாணம் முடிக்க முடியாது என்ற நடைமுறை அவசியமும் அதில் இருந்தது. அரசு இல்லாத மக்களுக்குக் கோயிலே பதிவாளர் அலுவலகம். அகாடியர் கோயில்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பக்தியைப் பற்றியே எழுதிவிட்டு இதை ஓரமாக விட்டுவிடுகிறார்கள்.

லூசியானாவுக்குப் போனவர்களின் கதை உலகறிந்தது. 1765இல் ஜோசப் புரூசார் தலைமையில் அத்தகாபா பகுதியில் இறங்கியவர்கள் தொடங்கிய பங்குதான் செயின்ட் மார்ட்டின்வில் நகரின் தூர் நகர் மார்ட்டின் கோயில். அதை அகாடியரின் தாய்க்கோயில் என்று அங்கே கொண்டாடுகிறார்கள். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ 1847இல் வெளியிட்ட 'எவாஞ்சலின்' காவியமும், அதன் நாயகிக்குச் செயின்ட் மார்ட்டின்வில் கோயிலருகே வைத்த சிலையும் அந்தக் கதைக்கு மெருகேற்றின. திரும்பி வந்தவர்களுக்கு அப்படியொரு காவியம் வாய்க்கவில்லை.

1764இல் திரும்பி வர அனுமதி கிடைத்தது. ஆனால் பிரமாணம் செய்ய வேண்டும், ஒரே இடத்தில் கூட்டமாகக் குடியேறக் கூடாது என்பவை நிபந்தனை. கரை கட்டி வளர்த்த பழைய நிலத்தில் 1760 முதலே நியூ இங்கிலாந்திலிருந்து அழைத்து வரப்பட்ட ஆங்கிலேயக் குடிகள் உழுதுகொண்டிருந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு எஞ்சியது யாரும் கேட்காத தென்மேற்குக் கடலோரம்: மெல்லிய மண், அடர்ந்த காடு, காற்று. 1768இல் செயின்ட் மேரி விரிகுடாவை ஒட்டி கிளேர் என்ற குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டு முதலில் வந்து குடியமர்ந்தவர் ஜோசப் துகா என்பது ஊர் மரபு. வந்தவர்களை முதல் குளிர்காலத்தைத் தாங்கச் செய்தவை கரையில் கிடைத்த பெரிய சிப்பிகள். அவை கிடைத்த ஊருக்கு இன்றும் குரோஸ் கோக், அதாவது பெருஞ்சிப்பி என்றுதான் பெயர். உழவர்களாகப் போனவர்கள் மீனவர்களாகவும் மரம் அறுப்பவர்களாகவும் கப்பல் தச்சர்களாகவும் வாழக் கற்றுக்கொண்டார்கள். மண் இல்லாததால் மரத்துக்கு வந்தார்கள்.

கோயில் கட்டுவது அப்போது எளிதல்ல. நோவா ஸ்கோஷியாவின் 1758ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் நிலம் வாங்குவதையும் தடை செய்தது, கத்தோலிக்கக் குருக்கள் மாகாணத்தில் இருப்பதையும் தடை செய்தது. 1783இல்தான் அது நீக்கப்பட்டது. குரு இல்லாத ஆண்டுகளில் மக்கள் 'வெள்ளைப் பூசை' கண்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் பூசை மன்றாட்டுகளை வாசிப்பார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள்; நற்கருணை கிடையாது. குழந்தைக்கு ஞானஸ்நானமும் மணமக்களுக்குச் சம்மதம் கேட்பதும்கூட அப்படியே நடந்தன. குரு வரும்போது முறைப்படுத்திக்கொள்வார்கள். அகாடியரிலிருந்து வந்த முதல் குருக்களில் ஒருவரான ஜோசப் மத்துரேன் பூர் 1774இல் விரிகுடாப் பக்கம் வந்தார். கோயில்முனையின் முதல் சிற்றாலயம் அந்தக் காலத்தது. அதிலிருந்துதான் அந்த நிலமுனைக்குப் பெயர்.

நிலையான பங்குக் குரு கிடைக்க மேலும் 25 ஆண்டு ஆனது. 1799இல் வந்து சேர்ந்த ழான் மாந்தே சிகோஞ் இந்தக் கதையின் நடுநாயகம். பிரான்சின் தூரேன் பகுதியில் 1763இல் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சி அரசு குருக்களிடம் கேட்ட பிரமாணத்தை மறுத்து, இங்கிலாந்துக்குத் தப்பி, அங்கே சில ஆண்டு பிழைத்து, பிறகு கடல் தாண்டியவர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரமாணம் செய்ய மறுத்ததற்காக நாட்டை இழந்த மக்களுக்கு, பிரமாணம் செய்ய மறுத்ததற்காக நாட்டை இழந்த குரு வாய்த்தார். ஆனால் சிகோஞ் வந்த இடத்தில் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்துவிட்டு வேலையைத் தொடங்கினார். கிளர்ச்சி என்றாலே அவருக்கு ஆகாது. குருவைக் கொன்ற கூட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்று கண்ணால் கண்டவர்.

அவரை வழிபாட்டுக்குரியவராக மட்டுமே வரைகிற சித்திரங்கள் பல உண்டு. ஆவணங்களில் தெரிகிற ஆள் கடுமையானவர். வந்த ஆண்டே பங்குக்கு ஒழுங்குமுறை விதிகள் எழுதி ஊராரைக் கையொப்பமிட வைத்தார். குடி, இரவு நடனம், குருவின் பேச்சைக் கேளாமை ஆகியவற்றைப் பற்றி அவர் ஆயருக்கு அனுப்பிய கடிதங்களில் முறையீட்டுக்குக் குறைவில்லை. முப்பது ஆண்டாக நிலையான குரு இல்லாமலே பூசையும் கல்யாணமும் நடத்திப் பழகிய மக்கள், திடீரென வந்த ஒருவருக்கு அடங்கவில்லை என்பதில் வியப்பென்ன? இருந்தும் அவர் இல்லையென்றால் இந்த ஊர்கள் என்னவாகியிருக்கும் என்று யோசித்தால் குற்றச்சாட்டு நாவில் நிற்காது. 1806இல் சமாதான நீதிபதியாக நியமிக்கப்பட்டதும், நிலத் தகராறையும் கடன் வழக்கையும் அவரே தீர்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதினார், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், மிக்மாக் மொழி கற்று அம்மக்களிடமும் பணி செய்தார். கிளேரிலும், தெற்கே கேப் சேபிள் பக்கத்துப் பங்கிலுமாக இரண்டு தொலைதூர ஊர்க்கூட்டங்களைப் படகிலும் குதிரையிலும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்.

அவருடைய நண்பர்களில் ஒருவர் தாமஸ் சாண்ட்லர் ஹாலிபர்ட்டன் என்ற புராட்டஸ்டண்ட் சட்டமன்ற உறுப்பினர். கத்தோலிக்கர் மீதான பிரமாணத் தடையை நீக்கக் கோரி 1827இல் சட்டமன்றத்தில் பேசியவர். 1829இல் அவர் வெளியிட்ட நோவா ஸ்கோஷிய வரலாற்று நூல் நாடுகடத்தலைப் பற்றி விரிவாகச் சொன்னது. எவாஞ்சலின் காவியத்துக்குக் கைகொடுத்த நூல்களில் அதையும் ஆய்வாளர்கள் சேர்க்கிறார்கள். கிளேரின் அகாடியர்கள் ஹாலிபர்ட்டனுக்கு வாக்களித்தவர்கள்.

சிகோஞ் எழுப்பிய கோயில் நிலைக்கவில்லை. 1820 செப்டம்பரில் காட்டிலிருந்து புறப்பட்ட தீ ஊருக்குள் பாய்ந்தது. கோயிலும் குருமனையும் பல வீடுகளும் களஞ்சியங்களும் சாம்பலாயின. முதல் முறை எரித்தது படை. இந்த முறை காடு. மீண்டும் கட்டினார்கள், அதுவும் மரத்தில்தான். கல்லுக்கும் செங்கல்லுக்கும் காசில்லை. மரம் கையருகே கிடந்தது, அதை வளைக்கவும் இணைக்கவும் தெரிந்த கைகளும் கிடந்தன. சிகோஞ் 1844 நவம்பரில் கோயில்முனையிலேயே இறந்தார்.

அடுத்த அரை நூற்றாண்டில் பகை வேறு வடிவில் வந்தது. 1864இல் மாகாணம் கொண்டுவந்த இலவசப் பள்ளிச் சட்டம் கல்வியை ஆங்கிலமயமாக்கியது. திருச்சபைக்குள்ளும் நிலைமை அப்படித்தான். அட்லாண்டிக் மாகாணங்களின் ஆயர் பீடங்களில் ஐரிஷ், ஸ்காட்டிஷ் வழிவந்த ஆங்கிலம் பேசும் ஆயர்கள் அமர்ந்திருந்தார்கள். ஒரே சமயம், வேறு மொழி. கிரான் ப்ரேயில் அகாடியரை அடைத்தவன் மாற்றுச் சமயத்தவன். இப்போது அவர்கள் மொழியைக் கேட்கத் தயங்கியவர் தம் சொந்த மறைமாவட்டத்தார். 1881இல் மெம்ராம்குக்கிலும் 1884இல் மிஸ்கூஷிலும் அகாடியர் தேசிய மாநாடுகள் கூடின. விண்ணேற்பு அன்னைத் திருநாளான ஆகஸ்ட் 15 தேசிய நாளானது, நட்சத்திரம் பொறித்த மூவண்ணக் கொடியும் ஒரு பண்ணும் தேர்ந்தெடுக்கப்பட்டன. மூன்றாவது மாநாடு 1890இல் கோயில்முனையில் நடந்தது. அதே ஆண்டு பிரான்சிலிருந்து வந்த யூதிஸ்து சபைக் குருக்கள் சிகோஞ்சின் நினைவாக அங்கே சான்த் ஆன் கல்லூரியைத் தொடங்கினார்கள். இன்று அது பல்கலைக்கழகம். நோவா ஸ்கோஷியாவில் பிரெஞ்சு வழியில் கற்பிக்கும் ஒரே பல்கலைக்கழகம். அகாடிய ஆயர் ஒருவரை முதன்முதலாகப் பார்த்தது இந்த மாகாணம் அல்ல. பக்கத்து நியூ பிரன்ஸ்விக்கின் செயின்ட் ஜான் மறைமாவட்டம் 1912இல் பார்த்தது. எத்துவார் லெப்ளான் என்ற அவர், அந்தப் பொறுப்புக்குப் போகும்வரை இதே விரிகுடாக் கரையில் சேன் பெர்னார் ஊரின் பங்குக் குரு.

பெரிய கோயில் பற்றிய பேச்சு இந்தச் சூழலில் எழுந்தது. கல்லூரித் தலைவரும் பங்குக் குருவுமான பியேர் மரி தாஞோ என்ற யூதிஸ்துக் குரு, 1899 தீயில் எரிந்த கல்லூரியை மீட்டெடுத்த கையோடு கோயிலில் இறங்கினார். அவர் வெறும் நிர்வாகி அல்ல. நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்குப் பிரெஞ்சு மக்களைப் பற்றி 1905இல் நூல் வெளியிட்டவர். கோயிலின் வரைபடத்தை பிரான்சின் ரென் நகரைச் சேர்ந்த ஆர்தர் ரெனோவிடமிருந்து பெற்றார். ரெனோ பிரிட்டனிப் பகுதியில் கிராமக் கோயில்களைக் கல்லில் கட்டிப் பேர் வாங்கிய கட்டடக் கலைஞர். அவருடைய கோட்டில் கல்லின் பிடிப்பு இருக்கும். வளைவும் தூணும் கல்லின் எடையை எதிர்பார்க்கும். அந்தக் கோட்டை மரத்தில் நிறைவேற்றும் பொறுப்பு பக்கத்து ஊரைச் சேர்ந்த லியோ மெலான்சன் என்ற தச்சு மேஸ்திரியிடம் வந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது ஊர் விடாமல் சொல்லும் செய்தி.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். எழுத்தறியாத மேதை என்ற கதை கேட்கச் சுகமானது. அதனாலேயே நான் அதைச் சந்தேகிப்பேன். ஆனால் இங்கே அது வியப்புக்குரிய விதிவிலக்கல்ல. கப்பல் பட்டறையில் அப்போதெல்லாம் தாளில் வரைந்து கட்டும் வழக்கம் குறைவு. சிறு மர மாதிரி செதுக்கி, அதிலிருந்து அளவு பெருக்கிச் சட்டங்களை அறுப்பார்கள். அளவு கண்ணிலும் கையிலும் இருக்கும். அப்படிப் பழகிய ஒருவருக்கு ரெனோவின் கோடு அந்நியமாகத் தோன்றியிராது. மெத்தேகன் போன்ற பக்கத்துத் துறைகளில் மரக்கலம் கட்டிய ஊர் இது. கவிழ்த்துப் போட்ட கப்பலின் வயிறு எப்படி இருக்குமோ அப்படித்தான் கோயிலின் கூரையும் இருக்கும் என்பது ஒவ்வொரு தச்சனுக்கும் தெரியும்.

1903இல் தொடங்கி 1905இல் முடித்தார்கள். சுமார் 1,500 பேர் கூலியின்றி உழைத்தார்கள் என்பது கோயிலின் கணக்கு. சிலுவை வடிவக் கட்டடம். நீளம் சுமார் 190 அடி, குறுக்கு நீட்சிகளைச் சேர்த்து அகலம் சுமார் 135 அடி. உள்ளே நிற்கும் தூண்கள் சுமார் 70 அடி உயர முழு மரங்கள். மேலே சாந்து பூசிவிட்டதால் கல்தூண் போலத் தெரிகின்றன. கோபுரத்தில் தொங்கும் மூன்று வெண்கல மணிகளும் பிரான்சிலிருந்து வந்தவை. வெளிச்சுவர் முழுக்கச் சிறு மரச்சில்லுகள், மீன்செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக. காற்றின் கணக்குக்காகக் கோபுரத்துக்குள் அந்த 40 டன் கல்.

1914இல் மின்னல் தாக்கியதில் கோபுர நுனியிலிருந்து சில அடி போனது. அவ்வளவுதான். கல் அசையவில்லை.

பக்கத்திலுள்ள சேன் பெர்னார் ஊரின் கோயிலையும் சொல்லியாக வேண்டும். அது கருங்கல். 1910இல் தொடங்கி 1942இல்தான் முடிந்தது. ஆண்டுக்கு ஒரு வரிசைக் கல் என்ற கணக்கில் ஊரார் 32 ஆண்டு வைத்தார்கள். கோயில்முனை மூன்று ஆண்டில் மரத்தில் முடித்ததைப் பக்கத்து ஊர் மூன்று பத்தாண்டில் கல்லில் முடித்தது. வேகமும் பொறுமையும் ஒரே கரையில். ஆனால் கட்டிய முறை ஒன்றே: ஊரார் உழைப்பு, உயர்ந்துகொண்டே போகும் சுவர், அடுத்த தலைமுறைக்கு விட்ட பொறுப்பு.

இனி வலிக்கும் பகுதி. சட்டப்படி இந்தக் கோயில் யாருடையது? கட்டிய ஊராருடையதல்ல, மறைமாவட்டத்தின் சொத்து. கட்டும்போது ஹாலிஃபாக்ஸ் பேராயத்தின் கீழ் இருந்தது. 1953இல் யார்மத் மறைமாவட்டம் உருவாகி அதன் கீழ் வந்தது. 2011இல் அதுவும் ஹாலிஃபாக்ஸோடு இணைந்து ஹாலிஃபாக்ஸ்-யார்மத் பேராயமானது. ஊர்மக்கள் எண்ணிக்கை குறைந்தது, இளையவர்கள் போய்விட்டார்கள், திருப்பலிக்கு வருவோர் அந்தக் கூடத்தில் சில வரிசைகளை நிரப்பவே தடுமாறினார்கள். கிளேர் நகராட்சியில் மொத்தமே எட்டாயிரத்துக்கும் குறைவானவர்கள். 1,500 பேர் கூலியின்றிக் கட்டிய கோயிலைக் காப்பதற்கு இன்று அந்தக் கூட்டம் இல்லை. கூரை ஒழுகியது, மர ஓடுகள் உளுத்தன. சீரமைக்க 30 லட்சம் டாலர் அளவில் தேவை என்று மதிப்பிட்டார்கள். 2019இன் இறுதியோடு வழக்கமான திருப்பலி நின்றது. கோயிலை ஏற்று நடத்த உள்ளூரார் ஒரு சங்கம் அமைத்தார்கள்; மாகாண அரசும் நிபந்தனையோடு உதவ முன்வந்தது; உள்ளூரில் திரள வேண்டிய தொகை திரளவில்லை. வழிபாட்டுத் தலம் என்ற நிலை நீக்கப்பட்டு, கட்டடமும் நிலமும் 2,50,000 கனடா டாலருக்கு விற்பனைக்கு வந்தன. ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் ஒரு சாதாரண வீட்டின் விலைகூட அதைவிடக் கூடுதல்.

திருச்சபையின் கையைக் குற்றம் சொல்வது எளிது. பேராயத்துக்கு இன்னும் பல கோயில்கள் உண்டு, பணம் கொஞ்சம், பூசைக்கு வருகிறவர்கள் அதைவிடக் கொஞ்சம். ஒரு மறைமாவட்டம் அருங்காட்சியகம் நடத்தும் தொழிலில் இல்லை என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் என் முடிவு வேறு. 1755க்கு முன் நிலத்துக்குப் பெரும்பாலும் பத்திரம் இல்லாமலே கரை கட்டி வாழ்ந்தார்கள். பிரமாணம் எங்கே என்று கேட்டவன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். 1905இல் கோயில் கட்டியபோதும் அதே பழக்கம். உழைப்பு ஊருடையது, பத்திரம் வேறு எங்கோ இருந்தது. ஒன்றரை நூற்றாண்டில் கற்றுக்கொள்ளாத ஒரே பாடம் அதுதான். அல்லது, கற்றுக்கொள்ள விரும்பாத பாடம். நம்முடையது என்று சொல்வதற்குக் காகிதம் வேண்டும் என்று அவர்கள் நினைத்திருந்தால் அந்த 40 டன் கல்லைத் தூக்கியிருக்கவே மாட்டார்கள். ஆகவே அந்தக் கட்டடத்தை வாங்குபவர் யாராக இருந்தாலும் கிளேர் ஊராரின் சம்மதம் இல்லாமல் அதில் ஒரு பலகையையும் பெயர்க்கக் கூடாது என்ற நிபந்தனையை அரசு சட்டமாக்க வேண்டும். பாரம்பரியச் சொத்துப் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது.

2024 ஆகஸ்டில் ஐந்தாண்டுக்கொரு முறை கூடும் உலக அகாடியர் மாநாடு கிளேரிலும் அருகிலுள்ள ஆர்கைலிலும் நடந்தது. நாடுகடத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பல நாடுகளிலிருந்து வந்து, ஆகஸ்ட் 15 அன்று வழக்கப்படி தட்டுகளையும் பாத்திரங்களையும் தட்டி ஓசையெழுப்பித் தெருவில் நடந்தார்கள். கோயில்முனையின் கடலோர நெடுஞ்சாலை வழியாகப் போகிறவர் அந்தக் கோபுரத்தைப் பல மைல் தொலைவிலிருந்தே பார்க்கலாம். நீங்கள் போவதாக இருந்தால், அது இன்னும் நிற்கிறதா என்று ஊரில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.